வேலியில் வாழ்ந்த காந்தள்

தஞ்சாவூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் ஆலக்குடிக்கு அடுத்து வரும் பூதலூர், காவிரிப் பாசனத்தின் பூர்வ சரித்திரத்தை ஏட்டில் அன்றி நிலத்திலேயே வாசிக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்ற ஸ்தலம். நிலையத்துக்கு வடக்கே, வெண்ணாற்றையும் அதற்கப்பால் திருக்காட்டுப்பள்ளியையும் நோக்கிப் போகும் பக்கமெல்லாம் பழைய டெல்டாவின் நன்செய். கல்லணை எழுந்த காலந்தொட்டு வண்டல் படிந்து, ஏர் ஓயாமல், ஒரு சாண் பூமியும் சும்மா கிடக்க அனுமதி பெறாத நெல் வயல். தெற்கே செங்கிப்பட்டியை நோக்கி நடந்தாலோ, நிலம் கண்ணுக்குத் தெரியாமல் மேடேறி, கருமை நீங்கிச் செம்மையுற்று, சரளை கலந்து, வல்லத்து மேட்டோடு ஒன்றாகிவிடுகிறது. ஆற்று நீர் எட்டிய மண்ணுக்கும் எட்டாத மண்ணுக்கும் நடுவே கிடக்கும் இந்த எல்லைப் பிரதேசத்தின் வேலிகளில், கோடையெல்லாம் மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடந்து, ஆடி மழைக்குப் பின் முளைவிட்டு, புரட்டாசியில் பூக்கத் தொடங்கி, கார்த்திகை வரையில் செந்தழலாக எரிந்து, தை பிறப்பதற்குள் இருந்த இடம் தெரியாமல் மறையும் ஒரு கொடி உண்டு. நூல்கள் அதைச் செங்காந்தள் என்றன; ஊரார் கண்வலிப்பூ என்றும், கார்த்திகைப்பூ என்றும், கிழங்கைக் கருதிக் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்லுவார்கள்.

இந்தப் பூவை வீட்டில் நட்டு வளர்த்தல் நம் தேசத்தில் எழுத்துச் சான்றுள்ள மிகப் பழைய தோட்டக்கலை வழக்கங்களுள் ஒன்று. அவ்வழக்கம் வீட்டுக் கொல்லையை விட்டு வேலிக்குப் போன விதத்தையும், வேலிகளே மறைந்தபின் அப்பூ வேற்று ஜில்லாக்களில் வியாபாரப் பயிராகத் திரும்பி வந்த விதத்தையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். மலரின் புகழைப் பாடியவர்கள் அநேகர். அது எங்கே வாழ்ந்தது என்று விசாரித்தவர்கள் சிலரே.

முதலில் செடியின் சுபாவத்தைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அதன் சரித்திரம் விளங்காது. காந்தளின் தண்டு மெலிந்தது. தானாக நிமிர்ந்து நிற்கும் சக்தி அதற்கு இல்லை. மற்றக் கொடிகள் பலவற்றுக்குத் தனியே பற்றுக்கம்பி முளைக்கும். இதற்கோ இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடுகிறது. ஆகவே அருகே ஒரு முட்செடியோ புதரோ இருந்தால்தான் இது வாழும். வெட்டவெளியில் தரையில் சாய்ந்து கிடந்து நலியும். பூவின் ஆறு இதழ்களும் விளிம்பு அலையலையாக நெளிந்து, கீழ்நோக்கித் தொங்கும் மொட்டிலிருந்து பின்புறமாக மேல்நோக்கி வளைந்து நிற்கும். அரும்பில் பச்சையாக இருந்து, மலரும்போது மஞ்சளாகி, நாளாக நாளாக ஆரஞ்சு வர்ணம் ஏறி, இறுதியில் முழுச் சிவப்பாக மாறும். ஒரே கொடியில் இந்த நிறங்கள் அனைத்தையும் ஒரே வேளையில் காணலாம். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு இரண்டு கைகளாகப் பிரிந்து கலப்பையின் வடிவத்தில் கிடக்கும். ஒவ்வொரு பருவத்திலும் பழைய கிழங்கு தன் சாரம் முழுவதையும் கொடிக்குக் கொடுத்து வற்றிப்போக, அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகும். முளைக்கும் கண் கையின் நுனியில் மட்டுமே உண்டு. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை மண்ணிலேயே மக்கிப்போகும். ஏர் உழும் நிலத்தில் இக்கொடி நிலைக்காமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கபிலர் பாடியதாகக் குறுந்தொகையில் உள்ள 361-ஆம் செய்யுள் இந்தச் செடியின் சரித்திரத்தில் மூலாதாரமான சாசனம் என்று நான் கருதுகிறேன். தலைவனுடைய மலையில் மாலையில் மழை பெய்கிறது. பெருகிய நீர் ஒரு காந்தளை வேரும் கிழங்குமாக அடித்துக்கொண்டு வந்து மறுநாள் காலையில் தலைவியின் ஊர்த்துறையில் ஒதுக்குகிறது. அவள் அதை எடுத்து, அதன் மெல்லிய இலை கசங்குமாறு தழுவிக்கொண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறாள். தாய் அதைத் தடுக்கவில்லை. தடுக்காத அந்த ஒரு தயைக்கு மேலுலகத்தையே கைம்மாறாகக் கொடுத்தாலும் போதாது என்று தலைவி தோழியிடம் சொல்லுகிறாள். காதலின் சுவையைக் கருதி இப்பாட்டை வியந்தவர்கள் பலர். அதனுள் ஒரு தோட்டக்காரியின் அனுபவமும் ஒளிந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முழுக்கிழங்கோடு கிடைத்தால்தான் நடுவதற்கு உதவும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மழைக்காலத் தொடக்கத்தில் எடுத்து நட்டால் பிழைக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. மலைச்செடியை வீட்டில் வைப்பது தாய் மறுக்கவும் கூடிய ஒரு காரியம் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. காட்டுப் பூவொன்றை வீட்டு முற்றத்தில் வளர்த்த செய்தியை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் இலக்கியம் உலகத்தில் வேறு பாஷைகளிலும் அக்காலத்தில் மிகுதியாக இராது என்பது என் எண்ணம்.

அதே கபிலர் பெயரால் வழங்கும் குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் அகப்பொருள் மரபை அறிவிக்கப் பாடியது என்பர். அதில் மகளிர் பறித்துப் பாறையில் குவித்த 99 மலர்களின் பட்டியல் வருகிறது. பட்டியலின் முதல் இடம் காந்தளுக்கே. வேடிக்கை என்னவென்றால், அப்பட்டியலில் தோன்றி என்ற பெயரும் தனியே வருகிறது. தோன்றியும் செங்காந்தளும் ஒன்றே என்று உரைகாரர் சிலர் எழுதிச் சென்றதால், ஒரே பூவைப் புலவர் இருமுறை எண்ணுவாரா என்ற ஆட்சேபம் பிற்காலத்தில் எழுந்தது. அந்த வழக்கைத் தீர்ப்பது தாவர நூலாருடைய பொறுப்பு. நம்முடைய விஷயத்துக்கு வேண்டியது வேறொன்று. கல்லணையோடு சேர்த்துப் பேசப்படும் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், காவிரி நாட்டின் முல்லை நிலத்துப் பூக்களைச் சொல்லும் இடத்திலும் அந்தத் தோன்றி இருக்கிறது. ஆகவே, தோன்றி காந்தளே என்று கொண்டால், காந்தள் மலைவாசி என்றும், சோழ நாட்டுக்கு அந்நியம் என்றும் சொல்லுவது பொருந்தாது. நெல் வயல் முழுவதையும் விழுங்குவதற்கு முன், ஆற்றுக்கு எட்டாத மேட்டு நிலம் சோழ நாட்டில் ஏராளமாக இருந்தது. பூதலூருக்குத் தெற்கே நாம் இன்று காண்பது அந்தப் பழைய நிலத்தின் மிச்சம்.

முருகனுக்குரிய மலராகவும் காந்தள் இருந்தது. வேலன் வெறியாடும்போது இம்மலரைச் சூடியதால், வெறியாட்டைப் பற்றிய புறத்துறை ஒன்றுக்கே தொல்காப்பியம் காந்தள் என்று பெயரிட்டிருக்கிறது. பெண்களின் விரலுக்கு இதன் இதழை உவமையாக்காத பழம்புலவர் குறைவு. இத்தனை மதிப்புப் பெற்ற பூ, சோழர் காலத்துக் கோயில் நந்தவனங்களில் இடம்பெறாமல் போனது யோசிக்கத்தக்கது. காவிரிக் கரைக் கோயில்களின் கல்வெட்டுகளில் திருநந்தவனம் வைத்தற்கும், அதைப் பயிர்செய்வார் ஜீவனத்துக்கும், திருப்பள்ளித்தாமம் தொடுப்பார்க்கும் இறையிலி நிலம் விட்ட செய்திகள் அநேகம். அவற்றில் திரும்பத் திரும்ப வருவன செங்கழுநீர், சண்பகம், மல்லிகை முதலிய வாச மலர்கள். காந்தளுக்கு மணம் இல்லை. மொட்டாகப் பறித்துத் தொடுக்கவும் இயலாது. ஆண்டில் சில மாதமே பூத்துவிட்டுப் பிறகு காணாமற்போகும் கொடியை நித்திய பூஜைக்கு நம்ப முடியாது. நந்தவனம் என்பது அன்றாடம் பூக் கொடுக்க வேண்டிய ஓர் உற்பத்திச் சாலை. அதன் கணக்கில் காந்தள் தேறாது. மலையில் வேலனுக்கு உகந்த பூவுக்கு, சமவெளியில் ஆகமப்படி கட்டிய பெருங்கோயிலில் வேலை இல்லாமற்போயிற்று.

வீட்டுக் கொல்லையும் அதை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. காரணம் விஷம். வேர் முதல் விதை வரை இச்செடி முழுவதும் நஞ்சு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. சேப்பங்கிழங்கும் வள்ளிக்கிழங்கும் கொல்லையில் தோண்டிச் சமைக்கும் நாட்டில், உருவத்தில் சட்டென்று மயக்கக்கூடிய இன்னொரு கிழங்கை அதே மண்ணில் வைத்திருப்பது அறிவுடைமை ஆகாது. தின்றவர்களுக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் கண்டு, பிழைத்தாலும் பின்பு தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிரும். அளவு மிகுந்தால் பிழைப்பதே அரிது. துக்கமும் அவமானமும் தாளாமல் இக்கிழங்கை நாடி மாய்ந்தவர்களின் கதைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இலங்கையிலும் உண்டு. பூவை உற்றுப் பார்த்தாலே கண்வலி வரும் என்று பெரியவர்கள் குழந்தைகளை மிரட்டி வைத்ததை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. விஷம் என்றால் குழந்தை தொட்டுப் பார்க்கும். கண் கெடும் என்றால் கிட்டவும் போகாது.

ஆயினும் விஷம் என்பதற்காக நம்மவர்கள் அதை அழித்துவிடவுமில்லை. வடமொழி வைத்திய நூல்கள் லாங்கலி என்ற பெயரால் இதை உபவிஷங்களில் வைத்து எண்ணின. சித்த வைத்தியர்கள் கிழங்கைச் சிறு வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட மோரில் நாள்தோறும் மோரை மாற்றி ஊறவைத்து, உலர்த்திச் சுத்தி செய்த பின்னரே பிரயோகித்தார்கள். பிரசவம் தாமதித்தபோது கிழங்கை அரைத்து உடலின் மேல் பூசும் வழக்கம் மருத்துவச்சிகளிடம் இருந்தது. கர்ப்பத்தைக் கலைக்கும் பொருள் என்ற அபகீர்த்தியும் அதனோடு ஒட்டிக்கொண்டது. ஆக, வீட்டுக்குள் வைக்கவும் கூடாது, வேண்டும்போது கிடைக்காமலும் இருக்கக் கூடாது. இப்படிப்பட்ட பொருளுக்குக் கிராம வாழ்க்கை ஏற்படுத்திக் கொடுத்த இடந்தான் வேலி.

இக்காலத்து இளைஞர்கள் வேலி என்றால் முட்கம்பியை நினைப்பார்கள். பழைய வேலி உயிருள்ளது. கிளுவைப் போத்துகளை வரிசையாக ஊன்றி, இடையிடையே கள்ளியும் கற்றாழையும் நொச்சியும் ஆடாதோடையும் வைத்து, ஆண்டுக்கொருமுறை கழித்து, சந்து விழுந்த இடத்தில் முள்ளை வெட்டி அடைத்து, போக வர ஒரு படல் வைத்துக் காப்பாற்றியது அது. அதன்மேல் பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும் முசுமுசுக்கையும் குன்றிமணியும் தாமே படர்ந்தன. யாரும் விதைக்காத, யாரும் தண்ணீர் விடாத, ஆனால் வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றின் குணத்தையும் அறிந்து வேண்டியபோது பறித்துக்கொண்ட தோட்டம் அது; துவையலுக்குப் பிரண்டையும், இருமலுக்கு ஆடாதோடையும் அங்கிருந்துதான் வந்தன. காந்தளுக்கு வேண்டிய யாவும் அங்கே அமைந்திருந்தன: பற்றிக்கொள்ள முள், வேரடியில் நிழல், தண்ணீர் தேங்காத மேட்டு வரப்பு, ஏர் தீண்டாத மண். ஆடு மாடுகள் முள்ளுக்கு அஞ்சி உள்ளே வாய் வைக்கவில்லை. மலையிலிருந்து இறங்கிய செடிக்கு மனிதன் தன்னையறியாமல் அமைத்துக் கொடுத்த செயற்கை மலைச்சரிவு என்றே அவ்வேலியைச் சொல்லலாம். 1862-இல் நாகப்பட்டினத்து இருப்புப்பாதை தஞ்சையைக் கடந்து திருச்சிராப்பள்ளியை எட்டியபோது, உழவு புகாத ஒரு நீண்ட ஒடுங்கிய நிலம் தண்டவாளத்தின் இரு பக்கமும் உண்டாகி, இத்தகைய கொடிகளுக்குப் புதிய புகலிடமும் ஆயிற்று.

நம் வேலியில் கிடந்த இக்கொடி மேல்நாட்டாரின் கண்ணில் பட்டது அதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு முன்பே. மலையாளக் கரையில் டச்சுக்காரரின் அதிபராயிருந்த வான் ரீட் என்பவர், இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர்களின் துணையோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்ற பெருங்கிரந்தத்தில் மெந்தோனி என்ற பெயரால் இதன் சித்திரம் இருக்கிறது. மலையாளிகள் இன்றும் மேந்தோன்னி என்றே வழங்குகிறார்கள். 1753-இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் தம் தாவர நூலில் இதற்குக் குளோரியோசா சூப்பர்பா என்று நாமகரணம் செய்தார்; மகிமையும் கம்பீரமும் தோன்றும்படி அமைந்த பெயர். வர்ணனையில் அடக்கம் காட்டும் அவ்வறிஞர் இங்கே சற்று உற்சாகப்பட்டுவிட்டார் போலும். அவருடைய மாணாக்கராகிய கோனிக் என்பவர் 1768-இல் நம் டெல்டாவின் கடற்கரைப் பட்டினமாகிய தரங்கம்பாடிக்கே வைத்தியராக வந்து சேர்ந்து, பின்பு ஆற்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடமும் இயற்கைப் பொருள் ஆராய்ச்சியாளராக அமர்ந்தார். அவர் மூட்டிய ஆர்வத்தால் ஜான், ராட்லர் முதலிய பாதிரிமார்கள் தஞ்சை நாட்டுச் செடிகளைச் சேகரித்து உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். தரங்கம்பாடியாரோடு சிநேகம் பூண்ட சரபோஜி மன்னரும் தாவரங்களையும் பிராணிகளையும் ஓவியர்களைக் கொண்டு எழுதுவித்தார். ஐரோப்பியச் சீமான்கள் கண்ணாடி வீடு கட்டி, கரி மூட்டி வெப்பம் உண்டாக்கிப் பேணிய அதே கொடி, இங்கே கேட்பாரற்று வேலியில் பூத்துக்கொண்டிருந்தது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பேன். வேலியில்தான் அது சுகமாக இருந்தது.

1915-ஆம் ஆண்டு இந்தச் சரித்திரத்தில் விசேஷமானது. கறையானுக்கும் நெருப்புக்கும் தப்பிய ஏடுகளிலிருந்து குறுந்தொகை முதன்முறையாக அச்சேறியது அவ்வாண்டில். பதிப்பித்தவர் திருக்கண்ணபுரத்தலத்தான் திருமாளிகைச் சௌரிப்பெருமாள் அரங்கனார். தம் பெயரிலேயே காவிரி நாட்டு ஊரைத் தாங்கியவர். காந்தளை வீட்டில் நட்ட பெண்ணின் கதை பண்டிதர்களின் சிறு வட்டத்தைத் தாண்டி வெளியே வந்தது அப்போதுதான். பின்னர் 1937-இல் டாக்டர் உ.வே. சாமிநாதையரின் விரிவான உரையோடு கூடிய பதிப்பு வந்தபோது, அவருடைய சொந்த ஊராகிய உத்தமதானபுரம் அடங்கிய தஞ்சை ஜில்லாவின் பள்ளிக்கூடங்களிலும் அக்கதை புகுந்தது. அதே 1915-இல், லண்டனில் கிளூவர், கிரீன், டூட்டின் என்ற மூன்று ரசாயன நிபுணர்கள், காந்தள் கிழங்கின் விஷச் சத்து ஐரோப்பியக் கோல்ச்சிகம் செடியில் உள்ள கோல்ச்சிசின் என்ற பொருளே என்று ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் வெளியிட்டார்கள். ஒரே ஆண்டில் இப்பூவின் காவியம் ஒரு தேசத்திலும், அதன் விஷம் இன்னொரு தேசத்திலும் அச்சேறின. இரண்டையும் அன்று ஒருசேரப் படித்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார்.

கோல்ச்சிசின் மூட்டுகளில் தோன்றும் கௌட் என்ற கொடிய நோவுக்கு மருந்து. உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் அதைத் தடுத்து நிறுத்தும் சக்தி அதற்கு உண்டு. தின்றவனின் குடலும் மயிர்க்காலும் முதலில் பாதிக்கப்படுவதற்குக் காரணம் அதுவே. 1937-இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ என்ற அறிஞர், இதே சக்தியைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் புதிய வகைகளைப் படைக்கலாம் என்று காட்டினார். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்து பின்பு இங்கிலாந்து சென்ற ஜானகி அம்மாள், அந்நாட்டு விஸ்லித் தோட்டத்தில் மாக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்ச்சிசின் இட்டுப் பெரிய பூக்கள் பெற்றார். அம்மாளின் பெயரால் வழங்கும் மாக்னோலியா ஒன்று இன்றும் அங்கே உண்டு. நம் மருத்துவச்சி அஞ்சியஞ்சிக் கையாண்ட நஞ்சு, தோட்டக்காரனுக்கே ஒரு கருவியாக மாறியது.

இதற்கிடையில் பூதலூர்ப் பக்கத்து நிலம் மாறிக்கொண்டிருந்தது. 1924-ஆம் ஆண்டு ஆடிப் பெருவெள்ளத்தைக் கண்டு நடுங்கிய காவிரி நாடு, பத்து ஆண்டுகளில், 1934 ஆகஸ்டு மாதம் மேட்டூர் அணை திறக்கப்பட்டதையும் கண்டது. அத்திட்டத்தின் அங்கமாகக் கல்லணையிலிருந்து வெட்டிய, ஜனங்கள் புதாறு என்று பெயரிட்ட கால்வாய் பூதலூர்ப் பக்கமாகச் சென்று தஞ்சையைத் தாண்டிப் பட்டுக்கோட்டை வரையில் நீர் கொண்டுபோயிற்று. வரகும் கேழ்வரகும் கடலையும் விளைந்த மானாவாரி மேடுகளில் சுமார் 3 லட்சம் ஏக்கர் புதிய பாசனத்துக்கு உட்பட்டது. சோறு பெருகிற்று, அதைக் குறை சொல்லுகிறவன் பட்டினி அறியாதவன். ஆனால் நன்செய்க்கு வேலி வேண்டாம்; வரப்பு போதும். மேட்டுப் புன்செய் நன்செய்யாக மாறிய இடமெல்லாம் வேலிகள் வெட்டப்பட்டு வயலோடு சேர்ந்தன. வெட்டப்படாத இடங்களில் மற்றொரு சத்துரு புகுந்தது. 1877-இல் விறகுக்காகச் சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்ட சீமைக்கருவேலம், வேலியாகவும் எரிபொருளாகவும் பயன்படும் என்ற நம்பிக்கையில் தமிழ் ஜில்லாக்கள் எங்கும் பரவி, கிளுவையும் நொச்சியும் இருந்த இடத்தைக் கைப்பற்றிற்று. அதன் அடியில் வேறு செடி எளிதில் தலையெடுப்பதில்லை. கழிக்க ஆளில்லை என்று எஞ்சிய வேலிகளையும் பிடுங்கிவிட்டுக் கருங்கல் காலும் முட்கம்பியும் நட்டவர்கள் பிறகு வந்தார்கள். காந்தளை வேண்டுமென்று அழித்தவர் ஒருவருமில்லை. அது வாழ்ந்த வீட்டை ஒவ்வொருவரும் தத்தம் நியாயமான காரணத்துக்காக இடித்தார்கள்.

வீட்டை இழந்த பூ வியாபாரத்தின் வழியாகத் திரும்பிற்று. கிழங்கைவிட விதையில் கோல்ச்சிசின் மிகுதி என்று தெரிந்தபின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்நாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு விதை அனுப்பும் தொழில் வளர்ந்து, தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய கொங்கு நாட்டுச் செம்மண் பிரதேசங்களில் கண்வலிக்கிழங்கு தனிப் பயிராயிற்று. நம் டெல்டாவின் தென்கோடியில், நெல் விளையாத வேதாரண்யத்து மணல் மேடுகளிலும் இது இயல்பாக விளையும். சாகுபடி முறையைப் பார்த்தால் நமக்கு ஒரு புன்னகை எழும். ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள கிழங்கைப் பார்த்தெடுத்து, ஆனி ஆடியில் வரிசையாக நட்டு, கொடி ஏறுவதற்கு முள்கிளுவையையும் விராலியையும் பக்கத்தில் ஊன்றுகிறார்கள். ஏக்கர் கணக்கில் வேலியை மட்டும் பயிரிட்டு, நடுவே காவல் காக்கும் நிலம் ஒன்றுமில்லாமல் விட்டதுபோல் இருக்கும் அக்காட்சி. எந்தக் கிளுவை வேலியைத் தஞ்சாவூரார் வெட்டி எறிந்தார்களோ, அதையே கொங்கு விவசாயி காசு கொடுத்து நட வேண்டியதாயிற்று.

காய் பிடிப்பதற்கு இன்னொரு பிரயாசையும் உண்டு. காந்தளின் சூல்தண்டு மகரந்தத் தாள்களை விட்டு விலகிப் பக்கவாட்டில் முறிந்ததுபோல் வளைந்து நிற்கும். தன் மகரந்தம் தன்மேல் படாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு. வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் போதிய அளவு வராத திறந்த வயலில் காய் குறைவாகவே பிடிக்கும். ஆகையால் கார்காலத்துக் காலை வேளைகளில், கூலிக்கு வரும் பெண்கள் வரிசை வரிசையாக நடந்து, பூவுக்குப் பூ மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய நுண்ணிய வேலை. நட்டு ஐந்தாறு மாதத்தில் காய் வெடித்து, செம்பவழ நிறத்து விதைகள் தெரியும். ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ விதை கிடைத்தால் நல்ல மகசூல் என்பார்கள். விலை மட்டும் விளைவிப்பவன் கையில் இல்லை; வாங்குகிறவர்கள் சிலர், விற்கிறவர்கள் பலர் என்ற சந்தையின் துர்ப்பாக்கியம் இப்பயிரையும் விடவில்லை.

கௌரவங்களும் இடையே வந்து சேர்ந்தன. தமிழ்நாடு அரசு செங்காந்தளை மாநில மலராகக் கொண்டது. ஈழத் தமிழர் தங்கள் கார்த்திகை மாத நினைவு நாட்களின் மலராக இதைச் சூடினர். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்தின் மலரும் இதுவே. 1947-இல் அப்போதைய ரொடீஷியா, இளவரசி எலிசபெத்துக்கு இம்மலரின் வடிவில் வைரப் பதக்கம் செய்து கொடுத்தது. இவை பெருமைதான். ஆனால் மாநில மலர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்யும் பூதலூர்ச் சிறுவன் அதைச் சித்திரத்தில் அன்றி வேறெங்கும் பாராமல் வளர்வது அந்தப் பெருமைக்கு அழகன்று.

ஆகையால், வீட்டில் இடமும் நெஞ்சில் விருப்பமும் உள்ளவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. நெல் வயலின் களிமண் காந்தளுக்கு ஆகாது. செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து, தண்ணீர் நில்லாத மேட்டில், முனை ஒடியாத கிழங்கை இரண்டங்குல ஆழத்தில் படுக்கை வாட்டில் வைத்து மூட வேண்டும். ஆனிக் கடைசியோ ஆடியோ உத்தமம். ஏறுவதற்கு நொச்சியோ கிளுவையோ பக்கத்தில் இருக்கட்டும். மூங்கில் பந்தலைவிட உயிர்ச்செடியின்மேல்தான் அது சோபிக்கும். கார்த்திகைக்குப் பின் கொடி மஞ்சளித்துச் சாயும்போது செத்துவிட்டது என்று கருதித் தோண்டிவிடாமல், தண்ணீரை நிறுத்திவிட்டு மறு ஆடி வரை பொறுத்திருக்க வேண்டும். விதையிலிருந்து வளர்க்க முயல்பவர்கள் பூவுக்கு மூன்று நான்கு ஆண்டு காத்திருக்கச் சித்தமாக இருக்கட்டும். சிறு குழந்தைகளோ கட்டுத்தறி மாடுகளோ எட்டக்கூடிய இடத்திலும், சமையல் கிழங்குப் பாத்தியின் அருகிலும் ஒருநாளும் நடாதீர்கள். தொட்ட கையைக் கழுவாமல் வாயில் வைக்காதீர்கள். பழைய வேலி இன்னும் மிஞ்சியிருக்கும் பாக்கியசாலிகள், அதைக் கழிக்கும் வேலையைக் கார்த்திகை கழியும் வரை ஒத்திப்போட்டாலே போதும். நடாமலே பூ வந்தாலும் வரலாம். மலையிலும் காட்டிலும் எஞ்சியிருக்கும் கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டாம். மூலனூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் விதைக்கிழங்கு விலைக்குக் கிடைக்கிறது.